ஓதும் பிள்ளையின் மூச்சு

தஜ்வீத் கற்பிக்கின்ற உஸ்தாதுக்கு மாணவனின் மூச்சே அளவுகோல். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லில் எத்தனை ஹரகத் நீட்டுவது என்பதெல்லாம் நெஞ்சில் இருக்கும் காற்றின் கணக்கைக் கொண்டே நடக்கின்றன. ஃபாத்திஹா அத்தியாயத்தின் நிறைவு வசனத்தை ஒரே மூச்சில் ஓதி, கடைசிச் சொல்லில் ஆறு ஹரகத் நீட்டி முடிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் சில வாரப் பயிற்சியில் அதை எளிதாகச் செய்துவிடுவார்கள்.

திருவரங்குளத்தில் நாம் நடத்தும் மக்தபில் ஒரு மாணவனால் அது முடியவில்லை. பாதி வசனத்திலேயே மூச்சு அறுந்துவிடும். தோள்களை உயர்த்திக் காற்றை இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடருவான். மார்கழி மாதத்து அதிகாலைகளில் இரண்டு முறை நிறுத்துவான். நினைவாற்றலில் அவனை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் கிடையாது. ஆகவே, வீட்டில் ஓதிப் பார்ப்பதில்லை, கவனம் போதவில்லை என்று நாமாகவே முடிவு செய்து கடிந்துகொண்டோம். ஒரு நாள் மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அதே வசனத்தைப் பத்து முறை ஓதச் செய்தோம். ஏழாவது முறையில் அவன் இருமத் தொடங்கினான். பாடம் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்குக் கிளம்பும் வரை அந்த இருமல் நிற்கவில்லை.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்த மூச்சு எப்படி உருவாகிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பின்னர் அவனைப் பரிசோதித்த மருத்துவர் அவனுடைய தாயாரிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். குறைமாதத்தில் பிறந்தானா? எடை எவ்வளவு? முதல் ஆண்டில் எத்தனை முறை நெஞ்சில் சளி கட்டியது? கர்ப்பமாக இருந்தபோது விறகடுப்பில் சமைத்தீர்களா? வீட்டில் பீடி பிடிப்பவர் உண்டா? எட்டு வயதுப் பிள்ளையின் இளைப்புக்கு அவன் பிறப்பதற்கு முந்தைய மாதங்களை ஏன் விசாரிக்கிறார் என்று உடன் சென்றிருந்த நமக்கு விளங்கவில்லை. அதன் பிறகு கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

கருவின் படிநிலைகளைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டும் வசனங்களை ஹஜ், முஃமினூன் அத்தியாயங்களில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். நடத்தும்போது எலும்பும் சதையும் நினைவுக்கு வரும், நுரையீரல் வந்ததில்லை. தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகின்றன. இப்படி ஏறத்தாழ 23 முறை பிரிந்து, நுனியில் காற்று நுண்ணறைகளாக முடிகிறது இந்தத் தலைகீழ் மரம். இவற்றுள் காற்றைக் கடத்திச் செல்லும் குழல்களின் கிளைகள், தாயின் வயிற்றில் 16, 17 வாரங்கள் ஆகும்போதே அநேகமாக முழுமையாகிவிடுகின்றன. அதற்குப் பின் அவை நீளும், அகலும்; புதிதாகக் கிளைப்பதில்லை. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று உறவினர் ஊகித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே, அந்தப் பிள்ளை எழுபது வயதில் எத்தனை குழல்களின் வழியாக மூச்சு விடும் என்பது எழுதப்பட்டுவிடுகிறது.

நுண்ணறைகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பகுதி குழந்தை பிறந்த பிறகே தோன்றுகின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மிக விரைவாகவும், பின்னர் மெதுவாக வளரிளம் பருவம் வரையிலும் பெருகி, முழுமையடைந்த மனிதரிடம் 30 கோடிக்கும் மேற்பட்டவையாகின்றன. இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் நுரையீரலின் திறன் உச்சத்தை அடைகிறது. அதன் பிறகு எல்லோருக்கும் இறங்குமுகம்தான். பீடியையே தொடாதவருக்கும் அப்படித்தான். அந்த வயதுக்குள் சேர்த்த முதலை வைத்துக்கொண்டே மீதி ஆயுளை ஓட்ட வேண்டும்.

குழல்களும் நுண்ணறைகளும் ஒரே வேகத்தில் வளர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது இதில் இன்னொரு நுட்பம். நுரையீரல் பெரிதாக இருக்கும். அதற்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழல்களோ குறுகலாக அமைந்துவிடும். இந்தப் பொருந்தா வளர்ச்சிக்கு 1974இல் ஜெரி மீட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டிஸனாப்சிஸ் என்று பெயரிட்டார்கள். பெரிய வீட்டுக்குச் சின்ன வாசல் வைத்தது போன்ற நிலை இது. குழல் சிறிது குறுகினாலும் விளைவு பெரிது. ஆரம் பாதியானால் சீரான காற்றோட்டத்திற்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. இயல்பிலேயே நூல் போன்ற குழல்களைக் கொண்ட கைக்குழந்தைக்குச் சளியும் வீக்கமும் ஏன் அத்தனை ஆபத்தாகின்றன என்பதற்கும் இந்தக் கணக்கே விடை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரல் படங்களை அளந்து பார்த்தது. நுரையீரலின் அளவுக்குப் பொருந்தாத சிறிய குழல்களை உடையவர்களிடம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அதிகம் காணப்பட்டது. புகையிலையே தொடாதவர்களிடமும் அந்தத் தொடர்பு இருந்தது.

மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இந்த நோயை நம்மவர்கள் முதுமையின் இளைப்பு என்பார்கள். பள்ளிவாசல் படிக்கட்டில் பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும் பெரியவரைக் கண்டதும், ‘அந்தக் காலத்தில் பிடித்த பீடி’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். தீர்ப்பு பாதி சரியானதுதான். பீடியே இதன் பெருங்காரணம்; அதில் ஐயம் வேண்டாம். ஆனால் உலக அளவில் இந்நோய் கண்டவர்களில் கால் பங்கினராவது புகை பிடித்தே இராதவர்கள். பீட்டர் லாங்கே என்ற டேனிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்குகிறது. நாற்பது வயதுக்கு முன்பே மூச்சுத் திறன் குறைவாக இருந்த 657 பேரில் 174 பேருக்கு, ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்குப் பின் இந்த அடைப்பு நோய் இருந்தது. இளமையில் இயல்பான திறனோடு இருந்த 2,207 பேரில் 158 பேருக்கு மட்டுமே வந்தது. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேகமாகச் சரிந்தவர்கள் அல்லர். தொடக்கத்திலேயே தாழ்ந்த படியில் நின்றவர்கள்.

இதை இன்னும் முன்பே மோப்பம் பிடித்தவர் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் 1930 வரை பிறந்த குழந்தைகளின் எடையையும் முதல் ஆண்டு நோய்களையும் சுகாதாரப் பணிப்பெண்கள் பேரேட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார் பார்க்கர். குறைந்த எடையில் பிறந்தவர்களும், குழந்தைப் பருவத்தில் நிமோனியா போன்ற நோய்களால் வாடியவர்களும் முதுமையில் பலவீனமான நுரையீரலோடு இருந்தார்கள். 1991இல் அது வெளிவந்தது. யாரோ ஒரு செவிலி சலிக்காமல் எழுதி வைத்த எண்கள் அத்தனை காலம் கழித்துப் பயன்பட்டிருக்கின்றன. நம் ஊர்களில் தாய் சேய் அட்டைகளைப் பிள்ளை நடந்ததும் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் புகை பிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கும் சற்று மேலாக இந்நோய் இருந்தது. அவர்களுடைய உதட்டில் பீடி பட்டதேயில்லை. அடுப்பங்கரையில் பிறந்து, அடுப்பங்கரையில் தவழ்ந்து, பத்து வயதில் ஊதுகுழலைக் கையில் பிடித்த தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

அடுப்பை மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிடலாமா? நாமும் அப்படித்தான் எழுத எண்ணியிருந்தோம். ஆனால் உண்மையை மறைத்துப் பிரசாரம் செய்வது நமக்கு ஆகாது. குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு சேர்த்து, தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஹாப்பின் என்பது அதன் பெயர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்கு அதை நடத்தினார்கள். நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு இலவசமாக எரிவாயு கொடுக்கப்பட்டது. அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. என்றாலும் பிறந்த குழந்தைகளின் எடை கருதத்தக்க அளவில் கூடவில்லை. முதல் ஆண்டில் கடும் நிமோனியாவும் குறையவில்லை. 2022இலும் 2024இலும் வெளியான இந்த முடிவுகள் பலருக்கு ஏமாற்றம் அளித்தன.

நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஆய்வு முதன்மையாக அளந்தவை பிறப்பு எடை, நிமோனியா, உயரக் குறைவு, வீட்டிலுள்ள முதிய பெண்களின் இரத்த அழுத்தம் ஆகியவை. குழல் எவ்வளவு அகன்றது, நுண்ணறை எத்தனை பெருகியது என்பது ஓராண்டில் தெரியும் கணக்கன்று. கானா நாட்டில் நடந்த ஆய்வொன்று நுரையீரலையே நேரடியாக அளந்தது. கர்ப்ப காலத்தில் அடுப்புப் புகையை அதிகம் சுவாசித்த தாய்மாரின் குழந்தைகளிடம், பிறந்த முப்பதாம் நாளிலேயே நுரையீரல் திறனில் குறை தென்பட்டது. பெண் குழந்தைகளிடம் அது கூடுதலாக இருந்தது. எனவே ஒரு சிலிண்டர் மட்டும் காப்பாற்றிவிடாது என்றும், புகை தீங்கற்றது என்று யாரும் சொல்லிவிடவில்லை என்றும் இரண்டையும் சேர்த்தே விளங்கிக்கொள்கிறோம். அடுப்புக்கு அப்பாலும் புகை இருக்கிறது, ஊட்டம் இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என அரசுச் செலவிலேயே போடப்படுகிறது. ‘ஊசி போட்டால் காய்ச்சல் வரும்’ என்று ஒத்திப்போடும் வீடுகள் இன்னும் நம் ஜமாஅத்திலேயே உண்டு.

நம் வீடுகளுக்குள் வரும் புகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிறந்து இருபது நாளான சிசுவைக் குளிப்பாட்டியவுடன், தலை ஈரம் உலரட்டும் என்று சாம்பிராணிப் புகையைக் காட்டுகிறார்கள் பாட்டிமார்கள். அதில் பாசத்தைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனால் அந்தச் சிசுவின் நெஞ்சில் நுண்ணறைகள் மிக வேகமாக முளைத்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. சளி எடுப்பதாக எண்ணி மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும் இதில் சேர்ந்தவையே. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். இரவானால் தொட்டிலுக்குக் கீழே கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். பீடியைத் திண்ணையில் நின்று பிடித்துவிட்டு உள்ளே வருகிறவரை நல்ல தந்தை என்று மெச்சுகிறோம்; ஜன்னலைச் சாத்தி வைத்து, சுருளைக் கொளுத்தி, அவரே பிள்ளையைத் தூங்க வைக்கிறார். கொசுவலை வாங்கும் காசு சில மாதச் சுருளின் காசுதான்.

பீடி மக்ரூஹா, ஹராமா என்ற விவாதம் நம் மதரஸாக்களில் முடிவதேயில்லை. இரு தரப்பும் எடுத்து வைக்கும் ஆதாரங்களைக் கவனித்தால், பேச்சு முழுவதும் புகைப்பவனுடைய உடலையும் அவனுடைய பணத்தையும் சுற்றியே நடப்பது தெரியும். அருகில் படுத்திருக்கும் பிள்ளை அந்த விவாதத்துக்குள் வருவதேயில்லை. பூண்டோ வெங்காயமோ பச்சையாகத் தின்றுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அருகில் நின்று தொழுபவருக்கு ஏற்படும் சில நிமிடச் சங்கடத்துக்கே அந்தத் தடை. தீங்கை அகற்றியாக வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம், பீடி பற்றிய சட்டத்தைத் தொட்டிலின் பக்கத்திலிருந்து ஆராய்ந்தால் என்ன? தன்னுடைய நுரையீரலைக் கெடுத்துக்கொள்பவனைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கட்டும். இன்னும் உருவாகி முடியாத இன்னொருவரின் நுரையீரலில் கை வைப்பவனைப் பற்றி என்ன வேறுபாடு இருக்க முடியும்?

அதே போல் நஃபகா. மனைவிக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடுப்பது கணவனின் கடமை என்று நிகாஹ் மேடையில் நினைவூட்டுகிறோம். அரிசி வாங்கிப் போடுபவன் அதைச் சமைக்கும் எரிபொருளுக்கும் பொறுப்பாளி அல்லவா? நம் பகுதியில் பல வீடுகளில் சிலிண்டர் இருக்கிறது. அது தேநீருக்கும் விருந்தாளிக்கும் மட்டும். சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் தைலமரச் சுள்ளியிலும் முந்திரி விறகிலும்தான். விலை கட்டுப்படியாகவில்லை என்பார்கள். அது உண்மையான கஷ்டம், அதைக் கேலி செய்ய மாட்டோம். விறகுச் சோற்றுக்குத்தான் ருசி என்பார்கள்; அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஊதுகுழலைத் தொட்டே பார்த்திராத ஆண்கள். ஆதனக்கோட்டையில் சாலையோரம் புகையின் நடுவே முந்திரி வறுக்கும் பெண்களைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறோம். அது அவர்களின் பிழைப்பு. இரண்டு நாளில் மாற்றிவிட முடியாது. நம் வீட்டு அடுக்களையில் ஒரு ஜன்னல் திறப்பதற்கு, கர்ப்பிணி மருமகளை விறகடுப்புக்கு முன்னிருந்து எழுப்பி விடுவதற்கு என்ன தடை?

கெட்டுப்போனது கெட்டதாகவே இருக்கட்டும் என்று விடவும் தேவையில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தார்கள். 1990களின் நடுவில் பதினைந்து வயதில் மூச்சுத் திறன் மிகவும் குன்றியிருந்தவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். காற்று மாசு குறைக்கப்பட்ட பிறகு, அதே ஊர்களில் 2007க்கும் 2011க்கும் இடையில் அளக்கப்பட்ட பிள்ளைகளிடம் அது 3.6 ஆகிவிட்டது. குழலின் கிளைகளைத் திரும்ப எழுத முடியாவிட்டாலும், வளரும் பருவம் முடியும் வரை இழப்பதற்கும் இருக்கிறது, ஈட்டுவதற்கும் இருக்கிறது.

நம் மாணவனுக்கு ஸ்பேசர் பொருத்திய இன்ஹேலர் கொடுக்கப்பட்டிருக்கிறது. பம்ப் பழகினால் ஆயுளுக்கும் விடாது என்று உறவினர் பயமுறுத்தியதில் அவனுடைய தாயார் இரண்டு வாரம் அதைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், கடும் ஆஸ்துமாவால் வாடிய சிறுவர்களை 1960களிலிருந்து ஐம்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு அடைப்பு நோய் வந்திருந்தது. பயப்பட வேண்டியது எதற்கு என்று அந்தத் தாயாரிடம் எடுத்துச் சொன்னோம், பெட்டியைத் திறந்தார்.

நாமும் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. தஜ்வீத் நூல்களில் வக்ஃபின் வகைகளை விளக்கும்போது வக்ஃப் இள்திராரி என்று ஒன்று வரும். தும்மல், இருமல், மறதி, மூச்சு முட்டுதல் ஆகிய காரணங்களால் ஓதுபவர் நிர்ப்பந்தமாக நிறுத்துவது. அதில் குற்றமில்லை, பொருள் கெடாத ஓர் இடத்துக்குப் பின்சென்று மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தித் தேர்விலும் கேள்வியாகக் கேட்டிருக்கிறோம். பத்து முறை ஓத வைத்த அந்தக் காலையில் அது நினைவுக்கு வரவில்லை. அவனை மறுநாள் அழைத்து, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினோம். இப்போது அவன் ஒரு முறை நிறுத்துகிறான். இரண்டு சொல் பின்சென்று தொடங்கி முடிக்கிறான்.

வகுப்பறை பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகை மக்தபின் கிழக்கு ஜன்னலை ஒட்டியே இருக்கிறது. லுஹர் முடிந்ததும் விறகு மூட்டுவார்கள். அஸருக்குள் அண்டா கொதித்துவிடும். பிள்ளைகள் தூக்குவாளியோடு அடுப்பைச் சுற்றியே நிற்பார்கள். அந்த வாசனைதான் அவர்களுக்கு ரமளான். நமக்கும் சிறு வயதில் அப்படித்தான் இருந்தது. முப்பது நாளும் ஜன்னல் வழியே புகை உள்ளே வரும். ஓதும் குரல்களுக்கிடையே இருமல் கேட்கும். பருவநிலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

கொட்டகையை மைதானத்தின் மேற்கு ஓரத்துக்கு மாற்றி, விறகுக்குப் பதிலாகப் பெரிய கேஸ் பர்னர் வைக்கலாம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கஞ்சி காய்ச்சும் பெரியவருக்கு அதில் சம்மதமில்லை. ருசி போய்விடும் என்கிறார். அவரும் படியேறும்போது பாதியில் நிற்கிறவர்தான். கொட்டகையை மாற்ற ஒப்புக்கொண்டுவிட்டார். பர்னர் விஷயத்தில் ஒரு நாள் மட்டும் காய்ச்சிப் பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம் என்று கேட்டிருக்கிறோம். ஷஃபான் மாதம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். இதுவரை சேர்ந்திருப்பது பாதித் தொகை.